நாய் இல்லாத கூண்டு

ஜூலை 6, ஞாயிறு

நாகமணி இன்று வீடு வீடாக நாற்பது பக்க நோட்டு கொடுத்துக்கொண்டு போனாள். எனக்குக் கொடுத்ததில் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. திருப்பிக் கொடுக்கலாம் என்று வாசல் வரை போனேன். போனவள் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

எங்கள் மூன்றாவது வீதியில் இருபத்திரண்டு வீடு. கடைசி வீடு நாகமணியுடையது. அதற்கு முந்தியது எங்களுடையது, நடுவில் இரண்டு காலி மனை. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள், அவள் வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன்.

"ஏனுங்க்கா, பத்து நாளைக்கு ஒருக்கா ஆத்துத் தண்ணி உடறாங்கல்லோ, அன்னிக்கு எத்தன கொடம் வந்துச்சுன்னு எழுதோணும். அப்பறம் தெனமும் எத்தன கொடம் செலவுன்னு எழுதோணும். நூறு நாளைக்கு."

"எழுதி என்ன பண்றது? சாமிக்குப் படைக்கறதா?"

சிரித்தாள். "ஓவர்சீயரு கேக்கறாருங்க. சின்னக்குட்டைக்கு மழத்தண்ணி வர்ற வாய்க்கால வெட்டி உடுங்கன்னு போயி நின்னனுங்க. மொதல்ல நீங்க தண்ணிய ஒழுங்காப் பொழங்கறீங்களான்னு கணக்குக் காட்டுங்க, அதுல பொய் இல்லீன்னா கையெழுத்துப் போடறேன்னாரு. ஐப்பசி மழைக்குள்ள வாய்க்கா தெறந்தா குட்டை நெறையும். குட்டை நெறஞ்சா நம்ம வீதி போரெல்லாம் பொழச்சுக்குமுங்க."

அப்புறம் படியிறங்கும்போது கேட்டாள்: "நாய் எப்பங்க்கா வருது?"

"பாத்துட்டிருக்கறோம். நல்ல சாதியாக் கெடைக்கோணுமல்ல."

எங்கள் முன்வாசலில் பச்சைப் பெயின்ட் அடித்த நாய்க்கூண்டு ஒன்று இருக்கிறது. போன வருஷம் இவர் செய்யவைத்தது. உள்ளே இருப்பது நாய் இல்லை, அரைக் குதிரைத்திறன் மோட்டார். ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் நேராக மாட்டினது. மாட்டக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

தண்ணீர் வந்தது. காலை ஆறிலிருந்து எட்டு வரை. சம்ப் நிறைந்துவிட்டது. சம்ப் என்றால் நூற்றைம்பது குடம்.

அந்த நோட்டில் பதினேழு என்று எழுதினேன். எதிர்வீட்டில் பதினெட்டு, மேல்வீட்டில் பதினாறு என்று கேட்டுக்கொண்டு, நடுவில் ஒரு எண் போட்டேன். ரொம்பவும் குறைத்தால் சந்தேகம், கூட்டினாலும் சந்தேகம்.

மோட்டார் ஓடும்போது 'ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். அதற்காக அந்த இரண்டு மணி நேரமும் நான் தையல் மிஷினை நிறுத்துவதில்லை. தைக்கத் துணி இல்லாவிட்டால் கந்தலை வைத்தாவது ஓட்டுவேன். வீதியில் எனக்கு உழைப்பாளி என்று பெயர்.

பதினாறு வருஷம் குடம் தூக்கின இடுப்பு இது. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் எதிர்வீட்டில் போய் நின்றவள் நான். அந்த அவமானத்தை யார் எழுதி வைத்தார்கள்? மோட்டாரைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் அதையும் கேட்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

சின்னக்குட்டையில் வேலை. வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்றார்கள். இவருக்கு மில்லில் ஷிப்ட். நான் போனேன்.

குட்டை என்று பேர்தான். உள்ளே முழுக்கச் சீமைக்கருவேல் முள். முள்ளுக்குள்ளே மூட்டை மூட்டையாகப் பனியன் வெட்டுத்துணி, பழைய மெத்தை, உடைந்த கக்கூஸ் கோப்பை. இதை எப்படித் துப்புரவு பண்ணுவது என்று இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தோம். நாகமணி சேலைமேல் அவள் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, அரிவாளோடு இறங்கிவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. வெட்டினாள், இழுத்தாள், கரையில் போட்டாள், மறுபடி இறங்கினாள். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்க எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அர்த்தநாரி அண்ணன், வீதிச் சங்கத் தலைவர், மூட்டு வலி என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அவரும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

சாயங்காலம் ஒரு மூலை தெரிந்தது. வெறும் மண். அதைப் பார்த்ததில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. கையெல்லாம் முள் கீறல்.

சொல்லத்தான் வேண்டும், அவளைப் போல ஒருத்தி இந்த வீதிக்கு வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம்.

ஜூலை 19, சனி

தண்ணீர் வந்தது. அந்த நோட்டில் 17.

ஜூலை 27, ஞாயிறு

நாகமணியின் ரவிக்கையைக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் உள்ளே போனது இதுதான் மூன்றாவது தடவை.

அவள் தண்ணீர் புழங்குகிற அழகை எழுதாவிட்டால் கை அரிக்கும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறாள். பாத்திரம் அலசின தண்ணீர் கீரைப் பாத்திக்கு. குளிக்கிற தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் கல்வாழைக்குப் போய், அங்கிருந்து பப்பாளிக்குப் போகிறது. துணி அலசுகிற கடைசித் தண்ணீர் கக்கூஸுக்கு. குளிக்கிற பக்கெட்டில் உள்பக்கமாக நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறாள். கோட்டுக்குமேல் ஒரு சொட்டு எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

"செவப்புக் கோடு எனக்கு. ஊதாக் கோடு அவருக்கு. அவரு கொஞ்சம் பெரிய உருப்படியல்ல," என்று சிரித்தாள்.

உள் அறையில் அவள் மாமனார் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து எட்டு மாதம். "அம்மிணி, மோரு குடிக்கறயா?" என்று என்னைக் கேட்டார். வாய் குழறினாலும் உபசாரம் குறையவில்லை. அறையில் ஒரு வாடை இல்லை. விரிப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. தினமும் இரண்டு விரிப்பு துவைக்க வேண்டும் என்றாள்.

"அதுக்கு எத்தன கொடம் ஆகும்?"

"நம்ம போருல தண்ணி நின்னு போச்சல்லீங்க. முக்குல அடிபம்புல உப்புத் தண்ணி எடுத்தாந்து தொவைக்கறேன். கடசி அலசு மட்டும் ஆத்துத் தண்ணீங்க, இல்லீன்னா அவருக்கு மேலெல்லாம் அரிக்குது. போன தடவ அஞ்சு கொடந்தா வந்துச்சு. கடசி ஊடல்லீங்க்கா. நம்மளுக்கு வர்றதுக்குள்ள தண்ணி களச்சுப் போயிருது."

அஞ்சு குடத்தில் பத்து நாள். எப்படிச் சமாளிக்கிறாள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. கெட்டிக்காரி.

வீட்டுக்கு வந்து எங்கள் பக்கெட்டிலும் ஒரு கோடு போட்டேன். இவர் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, பாலுக்காரன் அளவா?" என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

தண்ணீர் வந்தது. 17. இன்று கந்தல்தான் தைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

குட்டை முழுக்க வெறிச்சென்று சுத்தமாகிவிட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமையில் இதை முடித்தோம் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். இன்று கரையில் வீட்டுக்கு ஒரு கன்று வைத்தோம். எனக்குப் புங்கன். நாகமணிக்கு இலுப்பை. சின்னப் பெண்களெல்லாம் வேப்பமரத்தில் தூரி கட்டி ஆடினார்கள். அர்த்தநாரி அண்ணனும் ஒரு ஆட்டம் ஆடினார், மூட்டு வலியோடு.

நாகமணி ஒரு சட்டம் போட்டாள். கன்றுக்கு நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு குடம், அதுவும் அலசின தண்ணீர், கழுவின தண்ணீர் மட்டும். "மிச்சம் பண்ணுனாத்தா கன்னுக்குத் தண்ணி. அப்பத்தா நம்ம மிச்சம் பண்ணுவோம்," என்றாள். கன்றைக் காட்டி வீட்டைத் திருத்துகிறாள். இந்த யோசனையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மானம் போயிற்று. போகப் பார்த்தது என்று எழுத வேண்டும்.

வாரம் முழுக்கத் தையலில் மறந்துபோய், அலசின தண்ணீரைச் சேர்த்து வைக்கவே இல்லை. காலையில் அவசரமாகச் சம்பில் இருந்து ஒரு குடம் மொண்டுகொண்டு போய்விட்டேன். கரையில் வரிசையாகக் குடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் மோர் மாதிரிக் கலங்கி, சோப்பு நுரையோடு, அரிசித் தவிட்டோடு. நடுவில் என் குடம் மட்டும் அடிவரை தெரிந்தது. போட்ட காசு தெரியும், அப்படி ஒரு தெளிவு. வீதியே கஷ்டப்படுகிறபோது ஆற்றுத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்? நிறைய வைத்திருக்கிறவளுக்குத்தான் வரும்.

நாகமணி குனிந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அர்த்தநாரி அண்ணன் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"அக்கா குடிக்கறதுக்கு நல்ல தண்ணி கொண்டாந்திருக்கறாங்க. ஆளுக்கு ஒரு சொம்பு மோந்துக்குங்க, வெய்யலு ஏறுது," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, தன் குடத்தில் பாதியை என் புங்கனுக்கு ஊற்றினாள்.

எல்லோரும் குடித்தார்கள். நல்ல மனசு என்றார்கள். நான் குடிக்கவில்லை. மதியம் முதல் அலசின தண்ணீருக்கு ஒரு அண்டா தனியாகப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு வேடிக்கை. இன்று தண்ணீர் வருகிற நாள். சம்பைத் திறந்து பார்த்தால் பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. கோடு போட்ட பக்கெட்டும் அண்டாவும் இத்தனை மிச்சம் பண்ணியிருக்கின்றன. நான் ஒரு நாளும் தாகமாகப் படுக்கவில்லை, ஒரு துணியும் அழுக்காகக் கிடக்கவில்லை.

அப்படியானால் இத்தனை நாள் நூற்றைம்பது குடத்தை என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

இருந்தாலும் மோட்டாரைப் போட்டோம். சம்ப் அரைமணி நேரத்தில் வழிந்தது. வழிந்த தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. 17.

செப்டம்பர் 7, ஞாயிறு

தண்ணீர் வந்தது. 17. அலசின தண்ணீர் ஒரு குடம் புங்கனுக்கு. புதிதாக ஆறு இலை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சங்கக் கூட்டம். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன்.

எழுபது நாள் ஆனதால் எல்லாருடைய நோட்டையும் ஓவர்சீயர் ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை அர்த்தநாரி அண்ணன் எழுந்து சொன்னார். எல்லா வீட்டிலும் பதினாறு, பதினேழு, பதினெட்டு. கடைசி வீட்டில் மட்டும் ஐந்து. பைப்பில் அடைப்பு இருக்கிறதா என்று போன வாரம் தோண்டிப் பார்த்துவிட்டார்கள், இல்லை. முந்தின வீட்டுக்குப் பதினேழு வருகிற பைப்பில் அடுத்த வீட்டுக்கு ஐந்து எப்படி வரும்?

"தனியா ஒரு கொழா வேணும்னு கொறச்சு எழுதறாப்பல தெரியுதுன்னு சொல்றாருங்க. கணக்குல பொய் இருந்தா கையெழுத்து இல்லியாமா."

எல்லோரும் பேசினார்கள். மாமனாருக்காகத்தான் அப்படி எழுதியிருப்பாள், பாவம் என்றாள் ஒருத்தி. பாவம் என்று சொன்னதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது.

அர்த்தநாரி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சுலோச்சனா, நீதா பக்கத்து ஊடு. உங்களுக்கு எத்தன வருது?"

"பதினேழுங்க," என்றேன்.

அந்த ஒரு வார்த்தை. வேறு யார் சொல்லியிருந்தாலும் இத்தனை எடுபட்டிருக்காது.

நாகமணி எழுந்து நின்றாள். முள் வெட்டின போது இருந்த அந்த நிமிர்வு இல்லை. "நா எழுதுனது நெசந்தானுங்க," என்று மட்டும் சொன்னாள். கடைசி நோட்டு கொடுக்கிற வரைக்கும் குட்டை வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு பண்ணினார்கள். மண்வெட்டி வைக்கிற ரூம் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று ஒரே ரவிக்கைக்கு இரண்டு இடது கை வெட்டிவிட்டேன். இருபத்தாறு வருஷத் தையலில் இப்படி ஆனதில்லை.

செப்டம்பர் 17, புதன்

"இன்னிக்கு மோட்டார் வேண்டாங்க," என்றேன்.

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னிக்குத்தா போடோணும். இன்னிக்கு அவளுக்கு நெறையா வந்துச்சுன்னு வெச்சுக்க, இத்தன நாளு தண்ணி எங்க போச்சுன்னு கேப்பாங்க. அப்பறம் வீதில தல காட்ட முடியுமா?"

கணக்காகத்தான் பேசினார். போட்டார். நான் மிஷின்முன் உட்கார்ந்தேன். சம்பில் முக்கால்வாசி இருந்தது. யாருக்காக இழுக்கிறோம் என்று தெரியாமல் இழுத்தோம்.

எட்டு மணிக்கு நாகமணி இரண்டு குடத்தோடு அடிபம்புக்குப் போகிற வழியில் ஜன்னல் பக்கம் நின்றாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "தண்ணி வர்ற அன்னிக்குக்கூட உக்காந்து தெக்கறீங்களே, உங்களாட்ட என்னால முடியாதுங்க்கா," என்றாள்.

மனதாரச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

குட்டைக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். நாகமணி வந்தாள். சாவி இல்லை, பொறுப்பு இல்லை, வந்து ஓரமாக நின்று தன் இலுப்பைக்கு ஊற்றினாள். இரண்டு குடம் கொண்டுவந்திருந்தாள். இரண்டாவதை வராதவர்கள் வீட்டுக் கன்றுகளுக்குச் சொம்பு சொம்பாகப் பிரித்து ஊற்றினாள்.

அஞ்சு குடம் வருகிற வீட்டில் இரண்டு குடம் மிச்சம் எப்படி என்று கேட்டேன்.

"மாமாவோட விரிப்பு அலசுன தண்ணீங்க. தெனமும் கொஞ்சங் கொஞ்சமாச் சேத்தி வெச்சது."

"உன்னப் பொய்க்காரின்னு சொன்னவங்க கன்னுக்கா ஊத்தற?"

"கன்னு என்ன பண்ணுச்சுங்க?"

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கெட்டிக்காரி, கெட்டிக்காரி என்று இந்த நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். அவள் கெட்டிக்காரியாக இருந்தே ஆக வேண்டும் என்று பண்ணினவள் நான்.

செப்டம்பர் 27, சனி

இவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்குக் கூண்டைத் திறந்து, மோட்டார் ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பானரை வைத்துக் குழாயைக் கழற்றி, பழையபடி வெறும் பைப்பை மாட்டினேன். மிஷினையும் ஓட்டவில்லை. வாசலில் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வந்தது. விரல் தடிமன்தான். எட்டு மணிவரை பிடித்து எண்ணினேன். பதினாறு குடம். நான் பொய்யாக எழுதிவந்த கணக்குக்கு ஒன்றுதான் குறைவு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நடுவில் ஆறேமுக்காலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு, காலி மனை வழியாக ஓடினேன். நாகமணி வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவளும் வீட்டுக்காரரும் ஓடியாடுகிறார்கள். அவர்கள் வீட்டில் மொத்தம் ஆறு குடம். ஆறும் நிறைந்துவிட்டது. குக்கர் நிறைந்தது. பால் குண்டா, இட்லிப் பானை, டிபன் கேரியரின் நான்கு அடுக்கு, எல்லாம் நிறைந்தது. அவள் கடைசியில் ஒரு டம்ளரை வைத்துப் பிடித்துக்கொண்டு, கீழே போகிற தண்ணீரைப் பார்த்து, "அய்யோ போகுதே, போகுதே," என்று நின்றாள். தண்ணீர் வரும் என்று நம்பி ஒரு ஏழாவது குடம்கூட அந்த வீட்டில் வாங்கி வைக்கவில்லை.

நான் என் காலிக் குடங்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஒன்பது குடம். ஒவ்வொன்றாக நிறைந்தது. உள்ளேயிருந்து பெரியவர், "மழையா அம்மிணி?" என்று கேட்டார்.

"இல்லீங் மாமா. கொழாத் தண்ணி," என்றாள் நாகமணி.

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாகமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"ஏனுங்க்கா, இன்னிக்கு உங்க மிஷினு ஓடலீங்களே. ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"நல்லாத்தா இருக்கறேன்," என்றேன்.

அக்டோபர் 8, புதன்

நேற்று மறுபடி தண்ணீர். எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினைந்து. 27ஆம் தேதி மோட்டாரைக் கழற்றினதற்கு இவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, பிறகு சோற்றுக்காகப் பேசினார். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். நான் ஒரு முட்டாள்.

இன்று அர்த்தநாரி அண்ணன் தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தார். "பாத்தியா சுலோச்சனா, ஓவர்சீயரு சொன்னது செரியாப் போச்சு. கூட்டத்துல கேட்டதுக்கப்பறம் அந்தப் புள்ள நோட்டுல அஞ்சு மளார்னு பதனஞ்சு ஆயிருச்சு. பயந்துட்டு இப்பத்தா நெசத்த எழுதுது. ஞாயித்துக்கெழம நோட்டக் குடுத்தா அந்தாளு கிழிச்சுப் போட்டுருவாரு. வாய்க்காலுமில்ல, ஒண்ணுமில்ல."

அவளுக்கு நான் விட்ட தண்ணீரே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. சத்தமில்லாமல் கழற்றிவிட்டால் போதும் என்று நினைத்தது என் தந்திரம். தந்திரம் பண்ணினால் இப்படித்தான் ஆகும்.

அக்டோபர் 11, சனி

தீபாவளிக்கு எழுபது ரவிக்கை கிடக்கிறது. தொடவில்லை. இவரிடம் சொல்லிவிட்டேன்: நாளைக்கு நான் இந்த நோட்டைக் கொடுக்கப்போகிறேன்.

"பைத்தியமா புள்ள உனக்கு? கனெக்சனக் கட் பண்ணுவாங்க. மக ஊட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தி என்ன நெனப்பாரு? மானம் போயிருமல்ல."

"போகட்டுமுங்க. இப்ப போயிட்டிருக்கறது ஆரு மானம்? அவ முள்ளு வெட்டுனா. நம்ம கன்னுக்குத் தண்ணி ஊத்துனா. நம்ம பாவத்த அவ தலைல வெச்சுட்டு நா தீபாவளிக்கு எண்ண தேச்சுக் குளிக்கறதா? அந்தத் தண்ணி என்ற மேல நிக்குமா?"

இவர் வெளியே போனார். இட்லிக்கு மாவு ஆட்டி முடித்துவிட்டு வந்து பார்த்தால், கூண்டுமுன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மோட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, சாக்கில் போட்டு, டிவிஎஸ் வண்டியின் பின்னால் கயிறு வைத்துக் கட்டினார்.

"இத எங்க கொண்டு போறீங்க?"

"நோட்ட மட்டுங் குடுத்தா நம்புவானா அந்தாளு? பொருளோட போனாத்தா நம்புவான்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "நானும் வாறேன். மாட்டுனது நாந்தான."

முப்பது வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன். இந்த மனுஷனை இன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஓவர்சீயர் வந்துவிட்டார். அர்த்தநாரி அண்ணன் வீட்டு நம்பரைக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து போய் நோட்டைக் கொடுக்கிறார்கள். இப்போது பதினான்கு. இவர் வண்டியோடு வேப்பமரத்தடியில் நிற்கிறார். சாக்கை யாரோ என்னவென்று கேட்டதற்கு, "இருங்க, சொல்றேன்," என்றார். சொல்லிக்கொண்டே கயிற்று முடிச்சை மறுபடி இறுக்கினார். இவர் பயந்து நான் பார்த்ததில்லை.

வானம் கறுத்திருக்கிறது. வடகிழக்கே மழைக்கால் இறங்குகிறது. குட்டை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. வாய்க்காலை மண்மேடு அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கையெழுத்துதான் பாக்கி.

நாகமணி எல்லோருக்கும் கடைசியில், தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் நோட்டு மடியில் இருக்கிறது. மூலை மடங்காமல் அட்டை போட்டு வைத்திருக்கிறாள். பொய் என்று சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தும், அட்டை போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்.

பதினெட்டு.

என் பையில் இரண்டு நோட்டு. ஒன்றில் பதினேழு, பதினேழு, பதினேழு. அதை இப்போது கிழித்துப் புங்கனின் தூரில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டேன். இருபது இலை விட்டிருக்கிறது, அதற்கு இது செரிக்கும்.

பத்தொன்பது.

ஓவர்சீயர் சார், இது கணக்கு நோட்டுதான். கொஞ்சம் பேச்சு அதிகம். பொறுத்துக்கொண்டு முழுக்கப் படியுங்கள். படித்துவிட்டுக் கடைசி வீட்டு நோட்டை மறுபடி திறந்து பாருங்கள், அதில் ஒரு எண்ணும் தப்பில்லை. எங்கள் கனெக்சனை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். வாய்க்காலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அர்த்தநாரி அண்ணே, அந்த ரூம் சாவியை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

இருபது.

நாகமணி, நீ என்னைப் பார்த்து உழைப்பாளி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் உன் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். நாய் எப்போது வரும் என்று கேட்டாய். வராது. கூண்டை நேற்றே காலி பண்ணிவிட்டோம்.

கூப்பிட்டுவிட்டார். இருபத்தொன்று.